எம்.ஆர்க். வடிவமைப்பு ஸ்டூடியோவில் படிப்பது எப்படி?

பி.ஆர்க். என்னும் இளநிலைக் கட்டடக்கலைப் பட்டம் படிக்கும் 5 ஆண்டுகளிலும் ஸ்டூடியோ (வடிவமைப்பு வரையும் வகுப்பு) ஆசிரியர் பருவத் தொடக்கத்தில் ஒரு தேவைப்பட்டியலைக் கையில் கொடுத்துவிடுவார். எத்தனை அறைகள், எவ்வளவு பரப்பு, எந்த மனை, யார் பயன்படுத்தப்போகிறார்கள் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். மாணவர் செய்ய வேண்டியது அதற்கு ஒரு நல்ல விடையை வரைவது. எம்.ஆர்க். என்னும் முதுநிலைப் படிப்பில் சேரும் பலர், வேலை அனுபவமும் கைத்திறமையும் இருந்தும், முதல் பருவத்திலேயே தடுமாறுவதற்குக் காரணம் அந்தப் பட்டியலை இனி அவர்களே எழுத வேண்டியிருப்பதுதான். முதுநிலை வடிவமைப்புப் படிப்பு என்பது கேள்வியைத் தானே வடித்து, வரைபடத்தைக் கொண்டே அதைச் சோதித்து, கிடைத்த விடையை மற்றவர் சரிபார்க்கக்கூடிய வகையில் முன்வைக்கும் பயிற்சி. அழகாக வரைவதை அங்கே யாரும் கற்றுத்தரமாட்டார்கள். அது வந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

சேர்வதற்கு முன்

1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டப்படி கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள பி.ஆர்க். பட்டமே போதும். ஆகவே தொழில் செய்யும் உரிமைக்காக எம்.ஆர்க். படிக்க வேண்டிய அவசியமில்லை. கற்பித்தலுக்குப் போக விரும்புவோர், ஒரு துறையில் ஆழமாக இறங்க நினைப்போர், அலுவலகத்தில் சில ஆண்டுகள் வேலை செய்து ஒரே வகைக் கட்டடத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து சலித்தவர்கள் ஆகியோருக்கே இந்த 2 ஆண்டுகள் பயன்படும். பட்டம் முடித்த கையோடு சேர்வதைவிட, ஓரிரு ஆண்டுகள் சைட்டில் நின்று கம்பி கட்டுவதையும் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங்கைப் பிரிப்பதையும் பார்த்துவிட்டு வருவது நல்லது என்பது என் கருத்து. கேள்விகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன.

நுழைவுக்கு கேட் (GATE) தேர்வில் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் தாள் உண்டு. அதன் மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா-பி.ஜி. தேர்வும் உண்டு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைவிடச் சிறப்புப் பிரிவைப் பாருங்கள். பொதுப் பிரிவு, நிலவனப்பு, நகர வடிவமைப்பு, மரபுப் பாதுகாப்பு, ஆற்றல் சிக்கனக் கட்டடக்கலை என்று ஒவ்வொன்றும் வேறு வேறு கண்ணைக் கேட்கும். எல்லாக் கல்லூரியும் எல்லாப் பிரிவையும் நடத்துவதில்லை. அங்கே கற்பிப்பவர்கள் எதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்துவிட்டு விண்ணப்பிப்பது, தரவரிசைப் பட்டியலைப் பார்த்து விண்ணப்பிப்பதைவிடப் பன்மடங்கு உதவும்.

கேள்வியை வடிப்பது

முதல் வாரத்தில் ஆசிரியர் "எதைப் பற்றிச் செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்பார். "மலிவு விலை வீடுகள்", "பசுமைக் கட்டடம்", "பாரம்பரியமும் நவீனமும்" என்பவை தலைப்புகள். இவற்றில் எதையும் தவறு என்று யாராலும் நிரூபிக்க முடியாது, சரி என்றும் நிரூபிக்க முடியாது. கேள்வி என்றால் அதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும், ஒரு முரண்பாடு இருக்க வேண்டும், வரைந்து பார்த்தால் தெரிந்துவிடும் ஒரு விடையும் இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். 1970இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம், 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அதன் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், இரு பக்கமும் வீடுகள் எதிரெதிராக அமைந்த பொது நடைவழியில் பிற்பகல் 3 மணிக்கு நின்று பாருங்கள். பல வீடுகளின் கதவு திறந்திருக்கும். காற்று வேண்டும் என்பதற்காகத் திறந்தவர்கள், வெளியிலிருந்து உள்ளே தெரியக் கூடாது என்பதற்காக வாசலில் பழைய புடவையொன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். திரையை இறக்கினால் காற்று நின்றுவிடும். தூக்கிச் செருகினால் கட்டிலில் படுத்திருப்பவர் தெரிவார். நடைவழியின் சுவரோரமாகத் தண்ணீர்க் குடங்கள், செருப்புகள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தீ விபத்தின்போது வெளியேறும் வழியில் தடை இருக்கக் கூடாது என்பது விதி; ஆனால் அந்த நாற்காலிக்கு வேறு இடமும் இல்லை.

இங்கே 2 முரண்பாடுகள் இருக்கின்றன: காற்றுக்கும் மறைவுக்கும் இடையே ஒன்று, புழக்கத்துக்கும் வெளியேறும் வழிக்கும் இடையே இன்னொன்று. "சென்னையின் வெப்ப ஈரக் காலநிலையில், பொது நடைவழியை ஒட்டிய வீட்டு வாசலை எப்படி வடிவமைத்தால் மறைவை இழக்காமல் குறுக்குக் காற்றைப் பெறவும், வெளியேறும் அகலத்தைக் குறைக்காமல் வாசற்புழக்கத்துக்கு இடம் தரவும் முடியும்?" என்று எழுதினால் அது கேள்வி. நீளமாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு பருவத்துக்கு இதுவே அதிகம். கேள்வியை எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு வாரமும் அதில் ஏதேனும் ஒரு சொல் மாறும். மாறவில்லை என்றால் நீங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள்.

அளப்பது

புகைப்படம் எடுத்து வந்து கணினியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இப்போது பரவலாக இருக்கிறது. புகைப்படம் நீங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்களோ அதை மட்டுமே காட்டும். அளந்தால்தான் எதிர்பாராதது அகப்படும்.

அளவெடுப்பில் பட்டதாரிகளும் தவறவிடும் நுட்பங்கள் சில உண்டு. சுவரில் வரிசையாக உள்ள கதவு, ஜன்னல், தூண் ஆகியவற்றைத் துண்டு துண்டாக அளந்து கூட்டாதீர்கள். டேப்பின் தொடக்கத்தை ஒரு மூலையில் நிறுத்தி, அங்கிருந்தே எல்லாவற்றையும் தொடர் அளவாக எடுங்கள். துண்டு அளவில் ஒவ்வொரு முறையும் நேரும் அரை சென்டிமீட்டர்ப் பிழை, 10 திறப்புகள் கடந்ததும் ஒரு கதவுச் சட்டத்தின் தடிமன் அளவுக்கு வளர்ந்துவிடக்கூடும். ஒவ்வோர் அறையிலும் மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறையில் மூலைவிட்டம் 5 மீட்டர் வர வேண்டும், 5.06 வந்தால் மூலை செங்கோணமாக இல்லை. பழைய கட்டடங்களில் இது இல்லாமல் வரையும் தரைப்படத்தின் கோடுகள் ஒன்றோடொன்று சேரவே சேராது. தரை மட்டத்திலிருந்து ஜன்னல் அடிமட்டம், லின்டல் (திறப்பின் மேலுள்ள விட்டம்), சன்ஷேடு, கூரை ஆகிய உயரங்களை அதே நடையில் எடுத்துவிடுங்கள். வெட்டுமுகம் (கட்டடத்தை நெட்டுக்குத்தாக வெட்டிப் பார்ப்பதுபோன்ற வரைபடம்) வரையும்போது இவை இல்லாமல் மறுபடி போகிறவர்கள்தான் அதிகம்.

கட்டடத்தை அளந்த பிறகு புழக்கத்தை அளக்க வேண்டும். நடைவழியின் தரைப்படத்தை 1:50 அளவில் பல நகல்கள் எடுத்துக்கொண்டு, காலை 6 மணி, நண்பகல், பிற்பகல் 3 மணி, இரவு 8 மணி என்று வெவ்வேறு நேரங்களில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், எந்தக் கதவு திறந்திருக்கிறது, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதைக் குறியுங்கள். நகல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நடைவழியில் எந்த 60 சென்டிமீட்டர் எப்போதும் ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும். வெப்பநிலையை அளப்பதானால், உட்கார்ந்திருப்பவரின் தலை உயரமான ஏறத்தாழ 1.1 மீட்டரில், நேர்வெயில் படாத இடத்தில் கருவியை வைக்க வேண்டும். பகல் 2 மணி அளவீட்டோடு திரும்பிவிடக் கூடாது. கான்கிரீட் கூரை பகலில் உள்வாங்கிய வெப்பத்தைச் சில மணி நேரம் கழித்தே உள்ளே விடுகிறது; மேல்தளத்தில் குடியிருப்பவரைக் கேட்டால், தூங்கப்போகும் நேரத்தில்தான் வீடு தாங்க முடியாமல் இருக்கும் என்பார்.

இவற்றையெல்லாம் செய்யும் முன் குடியிருப்போரிடம் நோக்கத்தைச் சொல்லி அனுமதி பெறுங்கள். முகம் தெரியும் படங்களையும் வீட்டு எண்ணையும் ஷீட்டில் போடாதீர்கள். அது அவர்கள் வீடு. உங்களுக்குத்தான் அது கேஸ் ஸ்டடி.

முன்னோடிக் கட்டடத்தை வாசிப்பது

கேஸ் ஸ்டடி என்ற பெயரில் இணையத்திலிருந்து 6 கட்டடங்களின் படங்களை இறக்கி, கட்டியவர், ஆண்டு, பரப்பு என்று அட்டவணை போடும் வழக்கம் பி.ஆர்க்.கோடு முடிந்துவிட வேண்டும். முதுநிலையில் ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரே காரணம், அது உங்கள் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு விடை சொல்லியிருக்கிறது என்பதே.

நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்குப் புதுச்சேரியிலேயே ஒரு விடை நிற்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கட்டடக்கலைஞர் ஆண்டனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நாகஷிமா முதலானோர் உடனிருந்து கட்ட, 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் முடிந்த கோல்கொண்டே விடுதி அது. இந்தியாவில் வலுவூட்டிய கான்கிரீட்டில் எழுந்த தொடக்ககால நவீனக் கட்டடங்களுள் ஒன்று என்ற சிறப்போடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்வார்கள். நமக்கு வேண்டியது அதன் தரைப்படம். கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. நடைவழி ஒரு பக்கமாக, வடக்கில் ஓடுகிறது. அறைகள் ஒற்றை வரிசையாகத் தெற்கில் இருக்கின்றன. ஆகவே ஒவ்வோர் அறைக்கும் இரு புறமும் வெளிக்காற்று உண்டு. வெளிச்சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பதிலாக, திருப்பிக்கொள்ளக்கூடிய கிடைமட்டப் பலகைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அறைக்கும் நடைவழிக்கும் நடுவே தேக்குச் சட்டங்களை முன்பின்னாக அமைத்த நகர்த்துக் கதவு. நேராகப் பார்க்கும் கண்ணுக்கு அது சுவர், காற்றுக்கு அது திறப்பு. கூரையின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் தனி அடுக்காக நிற்க, இடையே உள்ள காற்று வெளி வெயிலின் வெப்பத்தைத் தடுக்கிறது.

புடவைத் திரை எதைச் செய்ய முயன்று தோற்றதோ, அதை அந்தத் தேக்குக் கதவு செய்கிறது. இந்த இணைப்பைக் கண்டுபிடிப்பதுதான் கேஸ் ஸ்டடி. ஆனால் அங்கேயே நின்றுவிடவும் கூடாது. அடுத்து வர வேண்டிய கேள்விகள் கடினமானவை. தேக்கின் விலையை அரசுக் குடியிருப்பு தாங்குமா? ஒற்றை வரிசை நடைவழி என்றால் அதே மனையில் வீடுகளின் எண்ணிக்கை எவ்வளவு குறையும்? ஒழுங்கும் அமைதியும் விதியாக உள்ள ஆசிரம விடுதியில் பொருந்தும் கதவு, குழந்தைகளும் தொலைக்காட்சியும் உள்ள வீட்டில் ஒலியை எப்படித் தடுக்கும்? முன்னோடிக் கட்டடத்தின் விடை எந்த நிபந்தனைகளின்கீழ் செல்லுபடியாகிறது என்று பிரித்தறிவது பாராட்டுவதைவிட முக்கியம்.

எதிர்மாறான சூழலிலிருந்து இன்னொரு கட்டடத்தையும் எடுத்துக்கொள்ளலாம். மும்பையில் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1983இல் முடிந்த காஞ்சன்ஜங்கா அடுக்குமாடி செல்வர்களுக்கானது. கடற்காற்றும் காட்சியும் மேற்கில் கிடைக்கின்றன. கடும் பிற்பகல் வெயிலும் மழைச்சாரலும் அதே மேற்கிலிருந்துதான் வருகின்றன. பழைய பங்களாவின் வராண்டாவைப் போல, மூலைகளில் இரு தள உயரமுள்ள ஆழமான தோட்ட மாடங்களை அமைத்து இதைத் தீர்த்தார். பணமும் வர்க்கமும் வேறு, முரண்பாட்டின் உருவம் ஏறத்தாழ ஒன்றே. வாசலுக்கும் வெளிக்கும் நடுவே ஓர் இடைப்பகுதி வேண்டும் என்பது இரண்டிலும் தெரிகிறது.

கையால் ஒரு கணக்கு

கணினியில் வெயிலையும் காற்றோட்டத்தையும் கணிக்கும் மென்பொருள்கள் இப்போது மாணவர் கைக்கு எட்டியவை. ரைனோ என்னும் வரைவு மென்பொருளில் கிராஸ்ஹாப்பரும் லேடிபக்கும் தெரியாத எம்.ஆர்க். மாணவர் அரிதாகிவருகிறார். ஆனால் வண்ணப் படம் வருவதற்கு முன் விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று கையால் கணக்கிட்டு வைத்துக்கொள்ளாதவருக்கு, படம் தவறாக வந்தாலும் தெரியாது.

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 53.5 பாகை உயரத்தில் நிற்கும். தெற்குச் சுவரில் 1.2 மீட்டர் உயர ஜன்னல் இருந்து, அதன் மேல்விளிம்பிலேயே சன்ஷேடு தொடங்கினால், ஜன்னல் முழுவதற்கும் நிழல் தர எவ்வளவு நீட்ட வேண்டும்? 1.2ஐ 53.5 பாகையின் டேன்ஜென்டான 1.35ஆல் வகுத்தால் 0.89 மீட்டர். நாம் வழக்கமாக வார்க்கும் 60 சென்டிமீட்டர் சன்ஷேடு 81 சென்டிமீட்டர் வரை மட்டுமே நிழல் தரும். அடியில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டரில் வெயில் விழும். டிசம்பரில் அந்த வெயில் தொல்லையா, வேண்டியதா என்பது வேறு கேள்வி.

இதைவிடச் சுவையானது வடக்கு. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, அதாவது கோடையின் உச்சத்தை உள்ளடக்கிய ஏறத்தாழ 4 மாதங்கள், நண்பகல் சூரியன் சென்னைக்கு வடக்கே இருக்கிறது. ஜூன் 21 நண்பகலில் உயரம் சுமார் 79.6 பாகை, அதே ஜன்னலுக்கு 22 சென்டிமீட்டர் சன்ஷேடு போதும் என்று கணக்கு சொல்லும். அந்த எண்ணை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். காலையிலும் மாலையிலும் சூரியன் வடகிழக்கிலும் வடமேற்கிலும் தாழ்ந்து நிற்கும்போது கிடைமட்டச் சன்ஷேடு எதையும் மறைக்காது. அங்கே நெட்டுக்குத்தான நிழற்பலகையோ ஆழமான நடைவழியோதான் உதவும். வடக்குப் பக்கத்துக்கு நிழல் தேவையில்லை என்று மேலை நாட்டுப் பாடநூலை வைத்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஜூரியிடம், அதாவது வடிவமைப்பை மதிப்பிடும் தேர்வாளர் குழுவிடம், மாட்டிக்கொள்வார்கள். கோல்கொண்டேயின் நடைவழி வடக்கில் இருப்பதற்குள்ள பொருளும் இப்போது கூடுதலாக விளங்கும்.

கணக்கு முடிந்ததும் வெட்டுமுகத்துக்குப் போங்கள், தரைப்படத்துக்கு அல்ல. காற்று, வெளிச்சம், பார்வை, உயரம் எல்லாம் வெட்டுமுகத்தில்தான் நடக்கின்றன. 1:20 அளவில் வாசலை மட்டும் வெட்டி வரையுங்கள்: நடைவழியின் தெளிவான அகலம் தொடப்படாமல் இருக்க, கதவு உள்வாங்கி, அதன் முன்னே 60 சென்டிமீட்டர் ஆழத்தில் திண்ணை போல ஒரு குழிவு, கதவின் கீழ்ப்பகுதியில் சாய்ந்த சட்டங்கள், கண்மட்டத்தில் மூடிய பலகை, மேலே லின்டலுக்கும் கூரைக்கும் இடையே திறப்பு. உட்கார்ந்திருப்பவரின் கண், நடந்துபோகிறவரின் கண் இரண்டையும் கோட்டால் இணைத்து, எந்தக் கோடு எங்கே தடைபடுகிறது என்று காட்டுங்கள். அடியிலுள்ளது தெரியும் பட்டர் பேப்பரை மேலே விரித்து இப்படி ஏழெட்டு வகை வரைந்த பிறகே கணினியைத் திறப்பது நல்லது. ஏழாவது வகை வரும்வரை முதல் யோசனையின் மீதுள்ள பாசம் போகாது.

விதிகளையும் இந்தக் கட்டத்திலேயே உள்ளே கொண்டுவர வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். பக்கவெளி, தீத்தடுப்பு ஆகியவற்றின் கணக்கே மாறிவிடும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது; 45 சென்டிமீட்டர் மேடைக்கு 5.4 மீட்டர் நீளம் தேவை என்பதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடிப்பவர் முகப்பையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஜூரி

ஜூரியில் பேசக் கிடைக்கும் நேரம் குறைவு. மனையின் இருப்பிடம், பருவநிலை, ஊர் வரலாறு என்று தொடங்கினால் வடிவமைப்புக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். கேள்வியை 2 வாக்கியங்களில் சொல்லி, அடுத்த மூச்சில் 1:20 வெட்டுமுகத்தைக் காட்டுங்கள். மனைப் படத்தை யாரேனும் கேட்டால் அப்போது காட்டலாம். சுவரில் ஷீட்டுகளை ஒட்டும் வரிசையும் அதுவே. ரெண்டர் செய்த படம் கடைசி. மாலை வெளிச்சத்தில் பலூனோடு நிற்கும் குழந்தையைப் பார்த்து எந்தத் தேர்வாளரும் மதிப்பெண் போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

விமர்சனம் வரும்போது உடனே பதில் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள்; நண்பர் ஒருவரை உட்காரவைத்துச் சொல்லப்படுவதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். நின்றுகொண்டிருப்பவருக்குப் பாதிதான் காதில் விழும். மறுநாள் அந்தக் குறிப்பை எடுத்து, கேள்வியைப் பற்றியது, விடையைப் பற்றியது, தேர்வாளரின் சொந்த விருப்பம் என்று 3 வகையாகப் பிரியுங்கள். முதல் வகையில் ஒன்று இருந்தாலும் மற்றவற்றைத் தள்ளிவைத்து அதை முதலில் கவனிக்க வேண்டும்.

தீசிஸ்

கடைசிப் பருவத்தின் தீசிஸ், மேலே சொன்னவற்றை நீளமாகச் செய்வதுதான். புதிதாகச் சேர்வது எழுத்து. அறிக்கையைக் கடைசி மாதத்துக்கு ஒதுக்காமல், ஒவ்வொரு சோதனையும் முடிந்த அன்றே எதை மாற்றினோம், எது மாறவில்லை, எது புரியவில்லை என்று ஒரு பக்கம் எழுதிவைத்தால் அறிக்கை தானாகத் திரண்டுவிடும். தோற்றுப்போன வடிவங்களையும் அதில் சேருங்கள். கதவுச் சட்டங்களின் சாய்வை அதிகரித்தபோது மறைவு கூடி காற்று குறைந்தது என்ற ஒரு வரைபடம், அடுத்து இதே கேள்வியை எடுப்பவருக்கு உங்கள் இறுதி வடிவத்தைவிடப் பயன்படலாம். இயன்றால் வாசலின் ஒரு பகுதியை அட்டையிலோ பிளைவுட்டிலோ முழு அளவில் செய்து, அதன் முன்னே ஆளை உட்காரவைத்துப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் திண்ணை காகிதத்தில் போதுமானதாகத் தோன்றும். காலை மடித்து உட்காரும் பாட்டிக்கு 75 வேண்டும் என்பது அப்போதுதான் தெரியவரும், உடனே நடைவழியின் கணக்கை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

அச்சிடுவதற்கு 2 நாள் முன்னதாகவே கோப்புகளைக் கடைக்கு அனுப்பிவிடுங்கள். சமர்ப்பிப்புக்கு முந்தைய இரவில் ஊரிலுள்ள பிளாட்டர்கள் (பெரிய தாள் அச்சுப்பொறிகள்) அத்தனையும் உங்கள் வகுப்புத் தோழர்களின் கையில்தான் இருக்கும்.